ராலேயை ஃபிக்ஸி ஆக்கினேன், பெயின்டைத் தொடவில்லை

பழைய ரோடு சைக்கிள் பைத்தியங்களில் இரண்டு கட்சி உண்டு. 1970களின் இரும்பு ஃப்ரேம் ஒன்று கையில் கிடைத்தால், முதல் கட்சி கியர் சமாச்சாரங்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஃபிக்ஸ்டு கியராக, அதாவது சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றியே தீரும் ஒற்றைக் கியர் 'ஃபிக்ஸி'யாக மாற்றிவிடும். இரண்டாவது கட்சிக்கு அது மகாபாவம். ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்பார்கள். சைக்கிள் மேல் உண்மையான மரியாதை இருப்பது இந்த இரண்டாவது கட்சிக்குத்தான் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் சந்தேகம். நான் பார்த்த வரையில், பழைய ஃப்ரேம்களுக்குத் திருத்த முடியாத சேதம் செய்தவர்களில் பாதிப் பேர் மீட்டெடுக்கிறேன் என்று கிளம்பியவர்கள்தான்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில். ராலே சைக்கிள் பிறந்த ஊர். 1880களின் கடைசியில் ராலே தெருவில் இருந்த ஒரு சிறிய பட்டறையை ஃபிராங்க் பௌடன் வாங்கி வளர்த்த கம்பெனி, பிறகு ஊரின் மேற்கே பெரிய ஆலையாகப் பரவியது. 1999-ல் ஃப்ரேம் செய்வதை நிறுத்தினார்கள், 2002-ல் பாகங்களைப் பூட்டும் வேலையும் நின்றுபோனது. ஆலை நின்ற நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் இருக்கிறது. குளமும் வாத்தும் கண்ணாடிக் கட்டடங்களுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போதெல்லாம் கராஜிலிருந்து ஒரு ராலே வெளியே வருவது இன்னும் நிற்கவில்லை. என்னுடையதும் அப்படி வந்ததுதான். ஃப்ரேமில் வெட்டியிருந்த எண்ணின் முதல் எழுத்து 'என்', அதாவது நாட்டிங்ஹாம். எழுத்துகளுக்கு அடுத்து வந்த முதல் இலக்கம் 4. 1974.

மாடல், கிராண்ட் பிரீ. பெயர்தான் பெரிது. அந்தக் காலத்தில் ராலேயின் ரோடு சைக்கிள் வரிசையில் கீழ்ப்படிகளில் இருந்தது அது. 2030 என்று ஸ்டிக்கர் ஒட்டிய சாதாரண ஹைடென்சைல் இரும்புக் குழாய், அச்சோடு காட்டர் பின்னால் பிணைத்த கிராங்க் (பெடல் தண்டு), சிம்ப்ளெக்ஸ் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிக் கியர் மாற்றும் கருவி), வைன்மன் சென்டர்புல் பிரேக், இரும்பு ரிம், பத்து கியர். பள்ளிக்கூடப் பையன்களும் ஆலைத் தொழிலாளிகளும் வார இறுதிக்கு வாங்கிய சைக்கிள். இதற்கு மேல்படியில் வொர்க்சாப் ஊரின் கார்ல்டன் ஆலையில் ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்தரக் குழாயில் செய்தவை. அதற்கும் மேலே, இல்கெஸ்டனில் ஒரு சிறிய தனிப்பட்டறை பந்தய வீரர்களுக்காகக் கையால் செய்தவை. டிஐ-ராலே அணிக்காக 1980-ல் யோப் சூட்டமெல்க் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தது அந்தப் பரம்பரை. என்னுடையது அதன் ஏழைச் சொந்தக்காரன்.

அந்த 'டிஐ' நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான எழுத்துதான். ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-ல் ஆரம்பித்ததுதான் அம்பத்தூரின் டிஐ சைக்கிள்ஸ். அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960-ல் ராலேயையே வாங்கிவிட்டது. ரெனால்ட்ஸ் குழாய் கம்பெனியும் அவர்களிடம்தான் இருந்தது. ஆக, என் அப்பா ஓட்டிய ஹெர்குலிஸும் நாட்டிங்ஹாம் கராஜில் தூங்கிய கிராண்ட் பிரீயும் ஒருவகையில் பங்காளிகள். இந்தத் தகவலால் சைக்கிள் ஒரு அடிகூட வேகமாக ஓடப்போவதில்லை, தெரியும்.

சரி, வண்டியின் நிலைமை. கரும்பச்சை பெயின்ட் அங்கங்கே உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் மேலோட்டமான துரு. தலைக்குழாயில் ராலேயின் சின்னமான ஹெரான் (கொக்கு) வில்லை பத்திரமாக இருந்தது. எழுத்துகளும் பெரும்பாலும் இருந்தன. பின் டிரெய்லியர் செத்துப்போயிருந்தது. அக்கால சிம்ப்ளெக்ஸ் பிரெஸ்டீஜ் வகையின் உடல் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். புதிதில் இலேசாகவும் நன்றாகவும்தான் இருந்திருக்கும். ஐம்பது வருஷம் கழித்துத் தொட்டால் விரிசல் விடுகிறது. முன் டிரெய்லியரும் அப்படியே. ரிம்மின் குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு. பின்சக்கரத்தின் பல்சக்கரக் கொத்தான ஃப்ரீவீல் இறுகிப்போயிருந்தது.

மீட்டெடுப்பதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டேன். அதே காலத்து, விரிசல் விடாத சிம்ப்ளெக்ஸ் ஜோடி ஒன்று. ஐந்து பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல். நல்ல குரோமோடு 27 அங்குல இரும்பு ரிம். இவையெல்லாம் கிடைக்காதவை இல்லை, கிடைக்கும். ஆனால் சேர்த்துப் பார்த்தால் வண்டியின் சந்தை விலையைத் தாண்டிப் போகும். அதுகூடப் பரவாயில்லை, ஆசைக்கு விலை கிடையாது. முடிவில் கையில் இருப்பது என்ன? இந்த ஊர் மழையில் இரும்பு ரிம்மைப் பிடிக்கும் பிரேக். ஈரத்தில் இரும்பு ரிம்மோடு ஓட்டியவர்களுக்குத் தெரியும், பிரேக்கை அழுத்திவிட்டு இஷ்ட தெய்வத்தையும் கூப்பிட வேண்டும்.

நான் பேச வந்த விஷயம் பெயின்ட்.

மீட்டெடுப்பு என்று சொன்னதும் முக்கால்வாசிப் பேர் முதலில் போகும் இடம் பவுடர் கோட்டிங் கடை. மணல் அடித்துப் பழைய பெயின்டை முழுக்க உரித்து, பொடி தூவி அடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். பளபளவென்று இருக்கும். ஆனால் குழாய்கள் சேரும் இடத்தில் இருக்கும் லக் விளிம்புகள் கனத்த பூச்சுக்குள் மழுங்கிப்போகும். கவனிக்காமல் அடித்தால் கிராங்க் போடும் மரையும் தலைக்குழாயின் மரையும் பழுதாகும். ஃப்ரேம் எண் பூச்சுக்குள் பாதி மறையும். ஆலையில் ஒட்டிய எழுத்துகள் போய்விடும், அவற்றின் இடத்தில் அச்சடித்து விற்கும் நகல்கள் வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு கார்ல்டன் ஃப்ரேமைக் கொடுத்து வாங்கினார். வந்தது அருமையான சைக்கிள், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் 1970கள் என்று சொல்ல எதுவும் மிச்சம் இல்லை. அந்தப் பெயின்டைத் திரும்பக் கொண்டுவர உலகில் எந்த வழியும் கிடையாது.

இத்தனைக்கும் ஃபிக்ஸி ஆக்கியவரைத்தான் பாவி என்கிறோம்.

அதற்காக அந்தக் கட்சி சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 2000களின் பிற்பாதியில் லண்டன் முதல் நியூயார்க் வரை ஃபிக்ஸி மோகம் அடித்தபோது நடந்த கொடுமைகள் கொஞ்சநஞ்சமில்லை. டிரெய்லியர் மாட்டும் காதைக் கிரைண்டரால் அறுத்து எறிந்தார்கள். கியர் லீவருக்காக ஃப்ரேமில் பற்றவைத்திருந்த குமிழ்களை அரம் போட்டுத் தேய்த்தார்கள். புதுவகை பிரேக் போல்ட் நுழையட்டும் என்று ஃபோர்க்கில் துளையைப் பெரிதாக்கினார்கள். கழற்றிய உயர்தர இத்தாலியக் கம்பாக்னோலோ பாகங்கள் பழைய சாமான் பெட்டிக்குப் போயின. இன்று அதே பாகங்களைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. இத்தாலியில் டஸ்கனியின் மண்சாலைகளில் 1997-ல் ஆரம்பித்த லெரோயிகா ஓட்டத்தில் 1987-க்கு முந்தைய சைக்கிள்கள்தான் ஓடலாம், கியர் லீவர் கீழ்க்குழாயில்தான் இருக்க வேண்டும். அதன் ஆங்கிலப் பதிப்பு 2014-ல் எங்கள் பக்கத்து டார்பிஷயரின் பேக்வெல்லில் தொடங்கியது. அந்தக் கூட்டத்துக்காகவே பழைய டிரெய்லியர்களின் மவுசு ஏறியது. ஒரு தலைமுறை கழற்றி எறிந்ததை அடுத்த தலைமுறை காசு கொடுத்துப் பொறுக்குகிறது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். செய்த வேலையைத் திருப்ப முடியுமா? ஸ்பேனரால் செய்ததை ஸ்பேனரால் திருப்பலாம். அரம், கிரைண்டர், ட்ரில், மணல் நான்கையும் வீட்டுக்குள் விடக் கூடாது. இந்த அளவுகோலில் என் கிராண்ட் பிரீ ஃபிக்ஸி ஆவதற்கென்றே பிறந்தது மாதிரி இருந்தது. காரணம் அதன் மலிவுதான். டிரெய்லியர் மாட்டும் காது தனித் தகடு, சக்கர அச்சோடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். லீவர்கள் குழாயைச் சுற்றிய பட்டையில் இருந்தன. கேபிள் போகும் வழிகளும் பட்டைதான். எல்லாவற்றையும் கழற்றினால் ஃப்ரேமில் ஒரு கீறல்கூட இல்லை, பட்டை இருந்த இடத்தில் பெயின்ட் மட்டும் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது.

இன்னும் இரண்டு விஷயங்கள் தானாகப் பொருந்தின. பின்னால் ஐந்து பல்சக்கரம் வைத்த அந்தக் காலத்து ஃப்ரேம்களில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர். ட்ராக் ஹப்பின், அதாவது ஃபிக்ஸ்டு கியருக்கான சக்கர நடுக்கூட்டின் அகலமும் அதேதான். ஆறு, ஏழு பல்சக்கரம் வந்த பிறகு அது 126 ஆகிவிட்டது, அதற்கு வாஷர் வைத்துச் சமாளிக்க வேண்டும். அடுத்தது, அச்சு நுழையும் பள்ளம் படுக்கைவாட்டில் நீளமாக இருப்பது. ஃபிக்ஸ்டு கியரில் செயினை இழுத்துப் பிடிக்க டிரெய்லியர் கிடையாது, சக்கரத்தையே பின்னால் நகர்த்தித்தான் செயினின் தளர்ச்சியை எடுக்க வேண்டும். இப்போதைய ரோடு சைக்கிள்களில் பள்ளம் செங்குத்தாக இருக்கும், சக்கரத்தை நகர்த்த இடமே இல்லை. பழைய ஃப்ரேம்களை ஃபிக்ஸிக்காரர்கள் துரத்தியதற்கு அழகைவிட இதுதான் காரணம்.

பின்சக்கரத்தில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பிலேயே ட்ராக் பல்சக்கரத்தை முறுக்கிவிடலாம், மரை ஒன்றுதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 இழை. பிரச்சினை பின்னோக்கி அழுத்தும்போது வரும். காலால் வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு முறையும் பல்சக்கரம் மரையிலிருந்து கழலப் பார்க்கும். உண்மையான ட்ராக் ஹப்பில் அதைத் தடுக்க இன்னொரு சிறிய மரை உண்டு, இடக்கை மரை. அதில் லாக்ரிங் என்ற பூட்டு வளையம். பல் கழலத் திரும்பினால் லாக்ரிங் இன்னும் இறுகும். அது இல்லாமல் பசையும் வேறொரு நட்டும் போட்டு ஒப்பேற்றும் ஹப்புக்கு இங்கே தற்கொலை ஹப் என்றே பெயர். நான் 700சி அளவில் அலுமினிய ரிம், இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப், இப்படி ஒரு ஜோடிச் சக்கரம் வாங்கினேன். பழைய 27 அங்குலத்தைவிட ரிம்மின் ஆரம் 4 மில்லிமீட்டர் குறைவு. வைன்மன் பிரேக்கின் கட்டைகளை அந்த அளவு கீழே இறக்கினால் போதும், நீளத் துளை இருக்கிறது.

கிராங்க்கை மாற்றவில்லை, மாற்றுவதும் லேசில்லை. அக்கால நாட்டிங்ஹாம் ராலேக்களின் கிராங்க் கூட்டுக்கு அங்குலத்துக்கு 26 இழை மரை. மற்ற பிரிட்டிஷ் அளவுக் கூடுகளுக்கு 24. கடையில் சாதாரணமாக விற்கும் சீல் செய்த கார்ட்ரிட்ஜ் முறுக்காது. புதுமரை வெட்டலாம், ஆனால் அது மேலே சொன்ன நான்கு ஆயுதங்களின் தம்பி. பழைய கப்பைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பால்ரஸ் போட்டால் இன்னொரு ஐம்பது வருஷம் ஓடும். நம் ஊர்க் கடைகளில் ஓவராயில் என்று செய்வது இதுதான். காட்டர் பின்தான் இங்கே தலைவலி. இந்த ஊர்க் கடைப் பையன்கள் பலர் அதைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. ஊருக்குப் போயிருந்தபோது மதுரையில் ஒரு சைக்கிள் கடையில் கேட்டேன். நம் கறுப்பு சைக்கிள்களில் இன்னும் அதே பின்தானே. கடைக்காரர் ஒரு டப்பாவையே நீட்டி, "எத்தனை வேணும் சார்?" என்றார். சரிவாக இருக்கும் முகத்தை லேசாக அரம் போட்டதும் பொருந்திவிட்டது. (பின்னுக்கு அரம் போடலாம். ஃப்ரேமுக்குத்தான் கூடாது.)

கியர் அளவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முன்னால் 52, 40 என்று இரண்டு பல்சக்கரங்கள். செயினை உள்ளே இருக்கும் 40-ல் போட்டால் பின்பல்லோடு கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் வருகிறது. ஃபிக்ஸ்டு கியரில் செயின் கோணலாக ஓடக் கூடாது, கழன்றால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வெளியே 52 சும்மா செயின் கார்டாக நிற்கட்டும். பின்னால் 15 பல். கியரை அங்குலத்தில் சொல்வது இங்கே வழக்கம், எண் கூடக் கூட மிதி கனக்கும். கணக்கு எளிது: 40-ஐ 15-ஆல் வகுத்து சக்கர விட்டத்தால் பெருக்க வேண்டும். 27 அங்குலச் சக்கரம் என்றால் சரியாக 72 அங்குலம். என் 700சி சக்கரத்துக்கு 71 சொச்சம்.

ஆங்கிலேய சைக்கிள் கிளப்புகளில் 72-க்கு ஒரு தனி மரியாதை உண்டு. சீசனின் தொடக்கத்தில் நடக்கும் சில நேரப் பந்தயங்களில் (ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது) 72 அங்குலத்துக்கு மேல் கியர் கூடாது என்று விதி. குளிர்காலம் முழுக்க ஃபிக்ஸ்டில் ஓட்டி, வசந்தத்தில் அதே சைக்கிளோடு பந்தயத்துக்கு வருவது இங்கே பழைய வழக்கம். நாட்டிங்ஹாம்காரர் ரே பூட்டி, நூறு மைலை நான்கு மணி நேரத்துக்குள் முடித்த முதல் ஆளாக 1956-ல் 3 மணி 58 நிமிடம் 28 விநாடியில் வந்தபோது அவர் ஓட்டியது ஃபிக்ஸ்டு சக்கரம் போட்ட ராலே. டூர் டி பிரான்ஸிலேயே 1937 வரை டிரெய்லியருக்கு அனுமதி இல்லை. ரோடு ஃப்ரேமில் ஃபிக்ஸ்டு கியர் என்பது கூரியர் பையன்கள் கண்டுபிடித்த அக்கிரமம் என்று என்னிடம் குறைப்பட்டவர்களுக்கு இதைத்தான் சொன்னேன். என் மாற்றம் இந்த ஊர் வழக்கத்துக்குள்தான் இருக்கிறது.

ஓட்டுவது எப்படி? முதலில் பயம். பெடலை நிறுத்த முடியாது. சக்கரம் சுற்றினால் கால் சுற்றியே ஆக வேண்டும். சிறுவயதில் பெடலைப் பின்னால் சுற்றி கிர்ர்ர் என்று சத்தம் வரவழைத்துக்கொண்டே இறக்கத்தில் போவோமே, அந்த சுகம் இதில் கிடையாது. மேப்பர்லி மேட்டிலிருந்து இறங்கும்போது கால்கள் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொள்ளும். ரோடு ஃப்ரேமில் இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ராக் ஃப்ரேமைவிடக் கிராங்க் தாழ்வாக இருக்கும், சின்னச் சக்கரம் போட்டதில் இன்னும் 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, கிராங்க் நீளமும் 170. வளைவில் சாய்ந்தால் உள்பக்கப் பெடல் தரையைத் தட்டும். ஃப்ரீவீல் இருந்தால் அந்தக் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வோம். இதில் வழியில்லை, வேகத்தைக் குறைத்துத்தான் திரும்ப வேண்டும். டிரென்ட் ஆற்றங்கரைச் சமதளத்தில் மட்டும் சொர்க்கம். செயின் சத்தம்கூட இல்லாமல் போகும்.

பிரேக் வேண்டாம் என்று வீரம் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. பிரிட்டனில் 1983-ன் விதிப்படி ஃபிக்ஸ்டு சக்கரம் பின்பிரேக்காகக் கணக்கில் வரும், முன்பிரேக் கட்டாயம். 2016-ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸ்டு சைக்கிள் மோதி ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டிய இளைஞனுக்கு மறு வருடம் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். என் வண்டியில் இரண்டு வைன்மனும் இருக்கின்றன. பின்னது தேவையில்லை என்றாலும் கழற்ற மனமில்லை.

இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான தீர்ப்பு யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடமிருந்து வந்தது. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறார். வண்டியைப் பார்த்ததும் இறங்கி வந்து, தலைக்குழாய் வில்லையைத் தடவினார்.

"தம்பி, இது றலியெல்லே. எங்கட அப்பாவும் ஒண்டு வைச்சிருந்தவர். கியர் இல்லாதது."

மீட்டெடுக்காமல் இப்படி மாற்றியது சரியா என்று கேட்டேன்.

"சைக்கிள் ஓடத்தானே தம்பி? சண்டைக்காலத்தில பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. சைக்கிளிலதான் விறகு, மண்ணெண்ணெய், வருத்தக்காரர் (நோயாளிகள்) எல்லாம் ஏத்தினாங்கள். டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில நியூஸ் கேட்டனாங்கள். அந்த றலியில அப்ப கம்பெனிச் சாமான் எது, நாங்கள் போட்டது எது எண்டு ஆருக்குத் தெரியும்? ஆனா ஃப்ரேமை மட்டும் வெட்ட விடமாட்டார் அப்பா."

என் அளவுகோலையே அவர் அப்பாவும் வைத்திருந்தார் போலிருக்கிறது.

எல்லா ஃப்ரேமுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். இல்கெஸ்டன் பட்டறை ஃப்ரேம் ஒன்று கையில் வந்தால், அதில் ஒரு நட்டைக்கூட மாற்றாமல் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பாகங்கள் எல்லாம் அசலாக, ஒன்றும் குறையாமல் இருக்கும் வண்டி எந்த மாடலாக இருந்தாலும் அப்படியே ஓட்டலாம், எண்ணெய் போட்டால் போதும். அதைக் கலைப்பது சோம்பேறித்தனம். மாற்றத்துக்குத் தகுதியானது என்னுடையது போல, உயிர்ப்பாகங்கள் செத்துப்போய், ஃப்ரேமும் பெயின்டும் மட்டும் பிழைத்திருக்கும் சாதாரண வண்டிதான். அப்படிப்பட்டவைதான் லட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. துருப்பிடித்த இடங்களில் பித்தளைக் கம்பி பிரஷால் லேசாகத் தேய்த்து மெழுகு பூசினேன். பெயின்டுக்கு நான் செய்தது அவ்வளவுதான். சிம்ப்ளெக்ஸ் துண்டுகள், லீவர், தகடு, பட்டை, பழைய சக்கரங்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் பெயர் எழுதிப் பரணில் இருக்கின்றன. எனக்குப் பிறகு இந்த வண்டி யார் கைக்குப் போனாலும் பெட்டியும் சேர்ந்து போகும்.

இப்போது புதிதாக ஒரு சபலம். ராலேயின் சகோதரக் கம்பெனியான ஸ்டர்மி-ஆர்ச்சர், இதே ஊரில், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏஎஸ்சி என்றொரு ஹப் செய்தது. மூன்று கியர், மூன்றுமே ஃபிக்ஸ்டு. அந்தக் கம்பெனி 2000-ல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போன பிறகு, எஸ்3எக்ஸ் என்ற பெயரில் அந்த யோசனைக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். உள்ளே பல்லுக்குப் பல் இடைவெளி இருப்பதால் காலை முன்னும் பின்னும் அழுத்தும்போது ஒரு தட்டல் வரும் என்று ஓட்டியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் மேப்பர்லி மேட்டுக்கு ஒரு கியர், ஆற்றங்கரைக்கு ஒரு கியர், எதிர்க்காற்றுக்கு ஒன்று. ஃப்ரேமைத் தொடவே வேண்டாம், சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் போதும். நாட்டிங்ஹாம் ஏஎஸ்சி அபூர்வம், விலையும் எட்டாது. எஸ்3எக்ஸுக்கு ஸ்போக் நீளம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.